அடிவரிசை மூட்டை

கையை உள்ள விட்டுப் பாருங்க தம்பி. தைரியமா விடுங்க. ஜில்லுன்னு இருக்கா? இருக்கணும். நல்ல சரக்குன்னா உள்ளங்கையில குளிர்ச்சி தெரியும். இப்ப ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு நசுக்குங்க. மாவு மாதிரி வழுக்குதா? அவ்வளவுதான் பரீட்சை. இதுக்கு மேல ஒரு மூட்டையை யாரும் சோதிக்க முடியாது.

ஆனா கடைக்குள்ள காலை வச்சதும் ஒன்னு கேட்டீங்க பாருங்க, "எப்ப வந்த சரக்கு?"ன்னு. தப்புன்னு சொல்லலை. வீடு கட்டறவர் கேக்க வேண்டியதுதான். பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சீங்களா? அங்க யாராவது சொல்லிவிட்டாங்களா, தெட்சிணாமூர்த்தி கடைன்னா தேதி பாத்து வாங்குங்கன்னு? இல்லையா? சரி விடுங்க. உக்காருங்க. மழை விடற வரைக்கும் நீங்களும் கிளம்ப முடியாது, நானும் மூட்டையை வெளிய எடுக்க முடியாது.

மனை எங்கன்னு சொன்னீங்க? தில்லைவிளாகமா. அப்ப உப்புக்காத்து, உப்புத்தண்ணி ரெண்டும் உண்டு. அஸ்திவாரத்துக்கு ஸ்லாக் சிமெண்ட் போடுங்க. இரும்பு ஆலையில கழிவா வர்ற கசடைச் சேர்த்து அரைக்கறது. உப்பு அதை லேசுல அரிக்காது. பூச்சு வேலைக்கும் சுவருக்கும் சாம்பல் கலந்தது போதும், பி.பி.சி.ம்பாங்க. நிதானமா இறுகும், வெடிப்பு கம்மி. ஐம்பத்து மூணு, நாப்பத்து மூணுன்னு மூட்டையில நம்பர் போட்டிருக்கே, அது விலையில்லை, எடையில்லை. எவ்வளவு அமுக்கத்தைத் தாங்கும்கிற கணக்கு. எல்லாரும் பெரிய நம்பரைக் கேப்பாங்க. பெரிய நம்பர்னா அவசரமாச் சூடாகும், கட்டினதை நாள் கணக்கா நனைச்சு வச்சுத் தண்ணி சரியாக் காட்டலைன்னா விரிசல் விடும். சொன்னா யாரு கேக்கறா?

இதெல்லாம் நான் எங்க கத்துக்கிட்டேன்னு கேக்கறீங்களா? கம்பெனிக்காரங்க டீலர்களையெல்லாம் ஒரு தடவை பஸ் வச்சு ஆலைக்கு அழைச்சுக்கிட்டுப் போனாங்க. மத்தவங்க விருந்துக்கு வந்தாங்க. நான் சுத்திப் பாத்தேன். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் கொஞ்சம் இரும்புத்தாதையும் அரைச்சு, ஒரு தெரு நீளத்துக்கு இருக்கு அந்தக் குழாய், அதுக்குள்ள போட்டு உருட்டி உருட்டிச் சுடறான். கல்லே உருகற சூடு. மறுமுனையில கருப்பா, கோலிக்குண்டு மாதிரி வந்து விழுது. கிளிங்கர்னு பேரு. அதை ஜிப்சத்தோட சேர்த்து அரைச்சா சிமெண்ட். ஜிப்சம் எதுக்குன்னா, அது இல்லேன்னா தண்ணி பட்ட கொஞ்ச நேரத்துலயே இறுகிடும். கொத்தனார் கரண்டியை எடுக்கறதுக்குள்ள சட்டியிலேயே கல்லு. ஜிப்சம்தான், இருடா, கொஞ்சம் பொறுடான்னு அதைப் பிடிச்சு வைக்குது.

ரோமாபுரிக்காரன் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போட கலந்து கடலுக்குள்ளயே கட்டிடம் எழுப்பினானாம். அப்புறம் அந்த வித்தையை உலகமே மறந்துடுச்சு. இருநூறு வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்துல ஒரு கொத்தனாரு சுண்ணாம்பையும் களிமண்ணையும் சுட்டுச் சுட்டுப் பாத்து மறுபடியும் ஒன்னைக் கண்டுபிடிச்சாரு. காஞ்சதும் அவங்க ஊர்ப்பக்கம் போர்ட்லேண்ட்னு ஒரு தீவுல கிடைக்கற கல்லு மாதிரி இருந்துச்சாம், அந்தப் பேரையே வச்சுட்டாரு. இந்த மூட்டையிலயும் போட்டிருக்கு பாருங்க. நம்ம மெட்ராஸ்லயே கிளிஞ்சலைச் சுட்டு சிமெண்ட் பண்ணிப் பாத்திருக்காங்க, நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஓடலை.

எங்கப்பா இந்தக் கடையை ஆரம்பிச்சப்ப சிமெண்ட்டுக்குக் கட்டுப்பாடு இருந்துச்சு. தாலுக்கா ஆபீஸ்ல பெர்மிட் வாங்கிட்டு வந்தாத்தான் மூட்டை. மிராசுதாரெல்லாம் செருப்பை வாசல்ல விட்டுட்டு உள்ள வருவாங்க. சிமெண்ட் வச்சிருக்கறவன்னா அப்படி ஒரு மரியாதை. அந்த மரியாதையைப் பாத்து வளந்தவன் நான். இப்ப என்னடான்னா, கூடப் பொறந்த தங்கச்சி என்னைப் பாத்து, "வாங்க, சாப்பிட்டுட்டுப் போங்க"ங்கறா.

ஆமாங்க. "வா அண்ணே" இல்லை. "வாங்க." ஊர்ல பத்திரிகை வச்ச ஆளைக் கூப்புடற மாதிரி.

செங்கமலம்னு பேரு. எனக்கு ஒரே தங்கச்சி. மாப்பிள்ளை பக்கிரிசாமி, ரைஸ்மில்லுல மூட்டை தூக்கற வேலை. நல்ல ஆளு, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, ஆனா முன்னுக்கு வரத் தெரியாது. கூரைவீடு. அந்தப் புயல் வந்த வருஷம் கூரை மொத்தமும் போய் வாய்க்கால்ல கிடந்துச்சு. ஒரே பொண்ணு இளவரசி, அப்ப பள்ளிக்கூடம் போயிக்கிட்டிருந்தா. மூணு பேரும் பள்ளிக்கூடத்துலதான் தங்கியிருந்தாங்க. கவர்மெண்ட்ல வீட்டுக்கு ஏதோ கொடுத்தாங்க, மாப்பிள்ளையும் முதலாளிகிட்ட கேட்டு வாங்கினாரு. இருந்தாலும் எட்டலை.

அப்ப நான் என்ன பண்ணுனேன் தெரியுமா? இளவரசி சடங்குல, சபையில, எழுந்து நின்னு சொன்னேன். "என் தங்கச்சி வீட்டுக்கு அஸ்திவாரத்துலேருந்து மேல்தளம் வரைக்கும் சிமெண்ட் என் சீர்"னு. பந்தல்ல கை தட்டுனாங்க. செங்கமலம் அழுதுட்டா. இந்த ஊர்ல எந்த அண்ணன் செஞ்சிருக்கான்? தாம்பாளத்துல பட்டுப்புடவை வைப்பான், பித்தளைக் குடம் வைப்பான். வீட்டையே வச்சவன் நான்.

இப்ப அதைப் பேச மாட்டாங்க. மூட்டையைப் பத்தித்தான் பேசுவாங்க.

மூட்டைக்கு என்ன? புயல்ல என் கொடவுனுக்குள்ளயும் தண்ணி வந்துச்சு, நான் இல்லேன்னு சொல்லலையே. எல்லார் வீட்டுக்குள்ளயும் வந்துச்சு. அடிவரிசை நனைஞ்சுது. நனைஞ்சதுன்னா, முழுசா இல்லை, ஓரம். கம்பெனிக்காரன் திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டான். முழுசாக் கல்லானதையெல்லாம் நானே பள்ளத்துல கொட்டிட்டேன். மீதி? மேல் ஓடு மட்டும் இறுகியிருந்துச்சு, உள்ள மாவு. அதையும் கொட்டச் சொல்றீங்களா? கட்டியில ரெண்டு விதம் இருக்கு தம்பி. மேல அடுக்கின பளுவுல இறுகறது ஒன்னு. அது மூட்டையைத் தரையில உருட்டினாலே உதிர்ந்துடும், குத்தமில்லை. ஈரத்துல இறுகறது இன்னொன்னு. எது எதுன்னு தொழில்ல இருக்கறவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும்.

நல்ல மூட்டையை வெளியாளுக்குக் கொடுத்தேன். கொடுக்கத்தான் செய்யணும். வெளியாளு ஒரு கட்டியைப் பாத்தாலும் சண்டைக்கு வருவான், பேரு கெட்டுப்போகும். சொந்தம்னா பொறுத்துப் போகும். நம்ம வீட்டுல சோறு கொஞ்சம் குழைஞ்சா விருந்தாளிக்குப் போட மாட்டோம், நாமதானே சாப்பிடறோம்? அது மாதிரி. இதுல என்ன வஞ்சனை இருக்கு?

செங்கமலம் வீட்டுக்குக் கொத்தனார் உத்திராபதி. வேற யாருமில்லை, எங்க அம்மா வழியில ஒன்னு விட்ட உறவு, முறைக்கு எனக்குத் தம்பி. அவன்தான் முதல்ல ஆரம்பிச்சான். ஆள் விட்டு அனுப்பினான், மூட்டையில கட்டி இருக்குன்னு. நான் விட்டுட்டு இருந்தேனா? அன்னிக்கே ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டுப் போனேன். சல்லடையை வாங்கி, என் கையால சலிச்சுக் காட்டினேன். வெள்ளை வேட்டியெல்லாம் சாம்பல்.

"சலிச்சாப் போச்சு. இதுக்குப் போயி ஆள் அனுப்பறியா?"ன்னேன்.

"பூச்சுக்குன்னா சரிண்ணே. தளத்துக்கும் சன்ஷேடுக்கும் வேற கொடுங்களேன்"னான்.

"ஓசியில வர்ற சரக்குக்கு உனக்கு என்னடா இவ்வளவு ராங்கி?"ன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டேன். செங்கமலம் டீ கொண்டாந்தா. அவதான் சொன்னா, "அண்ணன் பாத்துக்கும் உத்திராபதி. அதுக்குத் தெரியாததா?"ன்னு. அவ வாயால சொன்னது. இதை இப்ப யாராவது நினைச்சுப் பாக்கறாங்களா?

தளம் போட்டாங்க. அடியில தாங்கின சென்ட்ரிங் பலகையைப் பிரிச்சாங்க. தளம் நின்னுச்சா இல்லையா? நின்னுச்சு! இன்னிக்கும் நிக்குது. ஒழுகுதும்பாங்க. டெல்டாவுல எந்த வீடு ஒழுகலை? போனது முன்பக்கத்துச் சன்ஷேடு மட்டும்தான். பால் காய்ச்சறதுக்கு முந்தின வாரம். சீரியல் பல்பு கட்டணும்னு மாப்பிள்ளை அது மேல ஏறி நின்னிருக்காரு. அவரு மூட்டை தூக்கற ஆளு, கனத்த உடம்பு. சன்ஷேடு வெயிலுக்கும் மழைக்கும் போடறது, ஆள் ஏறி நிக்கறதுக்கா? அப்படியே சுவரோட ஒட்டுன இடத்துல முறிஞ்சு, ஆளோட கீழ வந்துடுச்சு. இடுப்பெலும்பு. தஞ்சாவூர்ல கொண்டு போய்ச் சேத்தாங்க.

நான் போனேன். ஆர்லிக்ஸ், ஆரஞ்சு, எல்லாம் வாங்கிக்கிட்டுத்தான் போனேன். மாப்பிள்ளை என்னைப் பாத்ததும் எழுந்திருக்கப் பாத்தாரு, முடியலை. "மச்சான், வேலைக்குப் போக எவ்வளவு நாளாகும்னு டாக்டரைக் கேட்டுச் சொல்லுங்க"ன்னாரு. அவ்வளவு வெள்ளந்தி. டாக்டர் சொன்னதை நான் அவருகிட்ட சொல்லலை. இப்பவும் வாக்கரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கொல்லைக்குப் போறாரு. மில்லு வேலை போச்சு. செங்கமலம்தான் அந்த மில்லுல இப்ப கூட்டிப் பெருக்கறா.

கோயில் வாசல்ல பெரியவங்க கூடிப் பேசினாங்க. நான் எழுந்து தெளிவா எடுத்துச் சொன்னேன். சன்ஷேடுக்குக் கம்பி மேல்பக்கம் வரணும், மேல்பக்கம்தான் இழுபடும். உத்திராபதி கீழ வச்சுட்டான். மணல் ஆத்து மணலில்லை, உப்பு மணல். ஒழுங்காத் தண்ணி காட்டலை. இவ்வளவு தப்பு இருக்க, சிமெண்ட்டை மட்டும் சொல்றதுல என்ன நியாயம்? உடைஞ்ச துண்டைப் பாத்தீங்களான்னு ஒருத்தர் கேட்டாரு. நான் எதுக்குப் பாக்கணும்? விழுந்த விதத்தைச் சொல்லும்போதே எனக்குத் தெரியாதா? முப்பது வருஷத் தொழில். உத்திராபதி ஒரே ஒரு தடவை, "கம்பி மேலதாண்ணே வச்சேன்"னான். அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். கொத்தனார் பேச்சு எடுபடுமா, கடைக்காரர் பேச்சு எடுபடுமா? பெரியவங்க என் பக்கம்தான் பேசினாங்க. அதுக்கப்புறம் அவனுக்கு இந்தச் சுத்து வட்டாரத்துல யாரும் வேலை கொடுக்கலை. கேரளாவுக்குப் போயிட்டான்னு கேள்விப்பட்டேன். அது அவன் விதி, நான் போகச் சொல்லலை.

செங்கமலமும் அன்னிக்கு வந்திருந்தா. கூட்டத்துல தூணோரமா நின்னு என்னையே பாத்துக்கிட்டிருந்தா. அழுவான்னு நினைச்சேன், திட்டுவான்னு நினைச்சேன். ரெண்டும் இல்லை. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லைங்க.

பொங்கலுக்குச் சீர் அனுப்பினேன். முதல் வருஷம் வாங்கிக்கிட்டா. அடுத்த வருஷம் கரும்பும் வாழைத்தாரும் அப்படியே திரும்பி வந்துச்சு. "வீட்டுல இடமில்லை"ன்னு சொல்லிவிட்டாளாம். நான் கட்டிக்கொடுத்த வீட்டுல எனக்கு இடமில்லை!

இளவரசிக்குக் கல்யாணம்னு எனக்கு எப்படித் தெரிஞ்சுது தெரியுமா? கல்யாண மண்டபத்துக்காரன் வெள்ளைச் சிமெண்ட் வாங்க வந்தான், தரை ஓட்டுக்கு இடையில பூச. அவன் சொல்லித் தெரியுது, தாய்மாமனுக்கு. எவ்வளவு அவமானம்? இருந்தாலும் மனசு கேக்கலை. ரத்தமில்லையா? கும்பகோணம் போய் அரக்குப் பட்டு எடுத்தேன். மாமன் மாலைன்னா மாமன் மாலை, ஆளுயரத்துக்குக் கட்டச் சொன்னேன். வீட்டுக்காரி விசாலம், "கூப்பிடாம எப்படிங்க போறது?"ன்னா. "தாய்மாமனை எவன்டி கூப்பிடணும்?"னு அவளையும் இழுத்துக்கிட்டுப் போனேன்.

வாசல்ல செங்கமலம் நின்னுக்கிட்டிருந்தா. விசாலத்துக்கிட்ட, "வா அண்ணி"ன்னு கையைப் பிடிச்சா. என்னைப் பாத்து, "வாங்க, சாப்பிட்டுட்டுப் போங்க."

பொறுத்துக்கிட்டேன். நல்ல காரியம்னு பொறுத்துக்கிட்டேன். உள்ள போயி மாலையை மடியில வச்சுக்கிட்டு முன்வரிசையில உக்காந்தேன். ஐயரு, "தாய்மாமன் வாங்கோ"ன்னாரு. நான் எழுந்தேன். எனக்கு முன்னாடி ஒருத்தன் மேடையேறிப் போறான். யாருன்னு பாத்தா உத்திராபதி! கேரளாவுலேருந்து அதுக்குன்னே வந்திருக்கான். இளவரசி குனிஞ்சு அவன்கிட்ட மாலையை வாங்கிக்கறா.

யாருக்குத் தம்பி பொறுக்கும்? கத்திட்டேன். "பக்கிரிசாமி இடுப்பை ஒடிச்சவனுக்கு மாமன் ஸ்தானமா?"ன்னு கேட்டேன். நாதஸ்வரக்காரரு வாசிக்கறதையே நிறுத்திட்டாரு.

செங்கமலம் மேடையிலேருந்து இறங்கி என் முன்னாடி வந்தா. கோபமே இல்லை முகத்துல. அக்கம்பக்கத்துல இருந்தவங்களுக்கு மட்டும் கேக்கற குரல்ல கேட்டா, "அண்ணே, எங்க வீடு கட்டுன அதே வருஷம்தானே நீ மாடி எடுத்த? அந்த மாடிக்கு எந்த மூட்டையைப் போட்ட?"

என்ன கேள்வி இது? நான் ஒளிச்சு வைக்கற ஆளில்லையே. நேரா சொன்னேன். "மாடிக்கு லாரியில வந்த புதுச் சரக்கை அப்படியே மேல ஏத்தினேன். அடிவரிசையைப் போடுவாங்களா மாடிக்கு?"ன்னேன். உண்மையைச் சொல்றதுல எனக்கு என்ன பயம்?

அவ அப்படியே தலையை ஆட்டிக்கிட்டா, ஏதோ நான் அவளுக்கு நல்ல பதிலைச் சொன்ன மாதிரி. பக்கத்துல விசாலம் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கிட்டா. பக்கிரிசாமி மாப்பிள்ளை நாற்காலியிலேருந்தே கையைக் காட்டினாரு, "விடு செங்கமலம். முகூர்த்த நேரம். மச்சானை உக்காரச் சொல்லு"ன்னு. அப்பவும் அவரு என்னை மச்சான்னுதான் சொன்னாரு, பாத்துக்குங்க. அவருக்கே எம்மேல வருத்தமில்லை. இவளுக்கு என்ன?

நான் உக்காரலை. மாலையை நாற்காலியிலேயே போட்டுட்டு வெளிய வந்துட்டேன். விசாலம் பின்னாடியே வருவான்னு ஸ்கூட்டர் பக்கத்துல நின்னேன். வரலை. பந்தியில பரிமாறிட்டு, பாத்திரமெல்லாம் எடுத்து வச்சுட்டு, பொழுது சாய்ஞ்சப்புறம் பஸ் பிடிச்சு வந்தா. வந்தவ நேரா அடுப்படிக்குப் போயிட்டா. இப்ப வெள்ளிக்கிழமையானா அவ அங்க போயி மாப்பிள்ளைக்கு எண்ணெய் தேச்சு விடறாளாம். அக்கம்பக்கத்துல சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சரி, தங்கச்சி போனா போறா. வேற வீட்டுக்குப் போனவ. நான் இன்னிக்கு இவ்வளவு பேசறது அதுக்காக இல்லை தம்பி.

எனக்கு ஒரே மக, நீலா. நீலாயதாட்சின்னு பேரு. அவளும் மருமகனும் திருவாரூர்ல வாடகைக்கு இருந்தாங்க. ரெண்டு பிள்ளைங்க. சொந்த வீடு கட்டணும்னு ஆசை. நான்தான் மனை வாங்கிக் கொடுத்தேன். அதோ, அந்த மாவு மில்லுக்குப் பின்னாடி, இங்கேருந்து பாத்தாத் தென்னைமரம் தெரியுதே, அங்கதான். போன வாரம் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி, கம்பி கட்டி எல்லாம் ஆச்சு. என்னிக்கு மூட்டை அனுப்பட்டும்னு கேப்பாங்கன்னு நானும் காத்துக்கிட்டிருக்கேன். கேக்கலை. பிள்ளைங்களுக்குப் பரீட்சையோ என்னவோன்னு இருந்தேன்.

நேத்து காலையில கடையைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கிட்டிருக்கேன். ஒரு லாரி, நம்ம கடை வாசல்லயே திரும்புது. எதிர்த்தெரு செல்லத்துரை கடை லாரி. அந்த ஆளு தொழிலுக்கு வந்தே அஞ்சாறு வருஷம்தான் இருக்கும். மேல தார்ப்பாய் போட்டு மூட்டை. எங்க போகுதுன்னு எட்டிப் பாத்தேன். மாவு மில்லுக்குப் பின்னாடி போச்சு.

ஃபோன் போட்டேன். "ஏன்டி நீலா, அப்பன் கடையில சிமெண்ட் இல்லையா? தெரு முழுக்கப் பாக்கும்படியா அவன் லாரி வரணுமா?"ன்னேன்.

பிள்ளைங்க விளையாடற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் சொல்றா, ரொம்ப மெதுவா, நோகாமச் சொல்றா.

"அப்பா, பிள்ளைங்க அந்தக் கூரைக்குக் கீழதாம்ப்பா தூங்கணும்."

அவ்வளவுதான். வச்சுட்டா.

நானும் நேத்துலேருந்து யோசிச்சுப் பாக்கறேன். பெத்த பொண்ணுக்கு நான் அடிவரிசையைப் போடுவேனா? அவ என் பொண்ணில்லையா? தங்கச்சிக்குச் செஞ்ச மாதிரி அவளுக்குச் செய்வேன்னு எப்படி நினைக்கத் தோணுச்சு அவளுக்கு? நீங்க படிச்சவரு மாதிரி தெரியறீங்க, நீங்களே சொல்லுங்க தம்பி.